காயப்படக் கற்றுக்கொண்ட முதுகெலும்பு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை ஒட்டிய கடலில் வாஷோன் என்றொரு தீவு இருக்கிறது. பாலம் கிடையாது, படகேறித்தான் போக வேண்டும். அந்தத் தீவில் எலும்பு வார்க்கிறார்கள். தொடையெலும்பு, தோள்மூட்டு, இடுப்பெலும்பு, கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகள் எல்லாம் அங்கே பாலியூரிதேன் நுரையில் உருவாகின்றன. ‘சாபோன்ஸ்’ என்ற அவற்றின் வணிகப் பெயர் உலகெங்கும் எலும்பு மருத்துவர்களுக்குப் பழக்கமானது.

இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் கலவை பொங்கும், பொங்கியது இறுகும். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நுண்துளைகள் நிறைந்த மென்மையான பகுதி என்று மனித எலும்பின் இரண்டு அடுக்குகளும் அதில் அமையும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அச்சிலிருந்து வெளிவரும் முதுகெலும்புக்கு வலி தெரியாது. அதன் பின்னால் காத்திருக்கும் குடும்பம் எதுவும் இல்லை. துளைத்தாலும் அறுத்தாலும் தவறான இடத்தில் குத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த நஷ்டமில்லாத் தன்மைக்காகவே அது பிறந்தது. ஒரு மருத்துவர் தம் முதல் தவறுகளை எங்கே செய்வது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் தேடிய விடைதான் இந்த எலும்பின் வரலாறு.

குழாய் வந்த கதை

முதுகு அறுவையில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது ஒரு குழாய். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதால்தான் காலில் மின்னல்போல் வலி இறங்குகிறது என்பதை மருத்துவ உலகுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள். ஆண்டு 1934. அதன்பின் பல பத்தாண்டுகள் அறுவை சிகிச்சை என்றால் முதுகின் நடுவே நீளமாகக் கீறி, எலும்போடு ஒட்டிய தசையை இருபுறமும் உரித்து விலக்கிச் செய்வதாகவே இருந்தது. 1977-இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள், கீறல் சுருங்கியது. 1997-இல் அமெரிக்காவின் கெவின் ஃபோலி, மாரிஸ் ஸ்மித் இருவரும் இன்னொரு படி போனார்கள். தசையை உரிக்காமல், அதன் இழைகளை விலக்கி, ஒரு குழாயை எலும்பு வரை இறக்கி, அதன் வழியாகவே டிஸ்க்கை எடுக்கும் முறை அது.

முறை கேட்பதற்கு எளிது. நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி ஒரு சிறு கீறல். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே முதலில் மெல்லிய கோல், அதன்மேல் சற்றுப் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் தசையை விரிக்கிறார்கள். கடைசியில் குழாயை இறக்கி, கட்டிலோடு பிணைத்த உலோகக் கையில் பூட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். ஒரு ரூபாய் நாணயத்தை அதன் வாயில் வைத்தால் முழுவதும் மூடிவிடும். அந்த வட்டத்துக்குள்தான் எலும்பின் ஓரத்தைச் செதுக்க வேண்டும், மஞ்சள் தசைநாரை அகற்ற வேண்டும், நரம்பு வேரை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துப் பிதுங்கிய டிஸ்க்கைக் கவ்வி எடுக்க வேண்டும்.

நோயாளிக்குத் தசைச் சேதம் குறைவு. இரத்த இழப்பும் குறைவு. ஆனால் மருத்துவருக்கு இழப்பு உண்டு. திறந்த அறுவையில் மேலே ஒரு முள்ளெலும்பு, கீழே ஒரு முள்ளெலும்பு, நடுவே கோடு என்று கண்ணுக்கு அடையாளங்கள் கிடைக்கும். குழாய்க்குள் அவை எதுவும் தெரியாது. குழாய் சில டிகிரி சாய்ந்தாலே தேடிப்போன இடத்தை விட்டு வேறு இடத்தில் எலும்பைச் செதுக்க நேரிடும். ஒரு முள்ளெலும்பு மேலோ கீழோ தவறி, நோயே இல்லாத டிஸ்க்கைத் திறந்துவிடவும் கூடும்.

இதைவிடப் பெரிய இழப்பு குருவின் கை. திறந்த அறுவையில் ஆசிரியரின் கையும் மாணவரின் கையும் ஒரே காயத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாணவரின் கருவி எல்லை மீறினால் ஆசிரியர் தடுத்துவிடலாம். குழாய்க்குள் ஒருவருடைய கருவிகளுக்குத்தான் இடம். ஆசிரியர் நுண்ணோக்கியில் பார்க்கலாம், வாயால் சொல்லலாம். கையைப் பிடித்து நிறுத்த முடியாது. கூடவே நின்று பார்த்துக் கற்பது என்ற பழைய வழி இந்த 18 மில்லிமீட்டரில் முட்டி நின்றது.

விளைவு கணக்கில் தெரிந்தது. இப்படிச் சிறு துளை வழியே செய்யும் ‘நுண்துளை’ முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையின் தொடக்ககாலச் சிக்கல்களைத் தொகுத்து 2014-இல் வந்த ஆய்வொன்று, மருத்துவர்களின் கை பழகுவதற்கு 20 முதல் 30 அறுவைகள் வரை ஆவதாகக் காட்டியது. நரம்பின் அழுத்தம் நீக்கும் அறுவைகளில் அதிகம் நேர்ந்த சிக்கல் டியூரா கிழிவது. நரம்புகளையும் தண்டுவடத் திரவத்தையும் பொதிந்திருக்கும் அந்த உறையின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிழிந்தால் திரவம் கசியும். தலைவலியும் தொற்றும் வரலாம். சில வேளை மறு அறுவை தேவைப்படும். 20, 30 என்பது மருத்துவரின் கணக்கு. அந்த வரிசையில் மூன்றாவதாகப் படுத்திருப்பவருக்கு இருப்பது ஒரே முதுகு.

சிறிய துளை என்பதாலேயே நன்மை வந்துவிடாது என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி முறையையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் முறை மேலான பலன் எதையும் தரவில்லை. நோயாளிகள் சொன்ன கால்வலி, முதுகுவலிக் கணக்கில் அது சற்றுப் பின்தங்கியும் இருந்தது. கருவி நுட்பமாகும்போது கைக்கும் அதே நுட்பம் வேண்டும். அந்தக் கையை எங்கே பழக்குவது?

மூதாதையர்

இந்தக் கேள்வியை மருத்துவர்களுக்கு முன்பே சந்தித்தவர்கள் விமானிகள். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே மகன் 1929-இல் தரையை விட்டு எழாத ஒரு விமானத்தைச் செய்தார். அது சாயும், திரும்பும், மூக்கைத் தாழ்த்தும், விழாது. முதலில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமந்து பறந்தபோது, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி இல்லாததால் பலர் அடுத்தடுத்து விழுந்து மடிந்தார்கள். அதே ஆண்டில் இராணுவம் லிங்க்கிடமிருந்து ஆறு பயிற்சிப் பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பொறியில் அமர்ந்துதான் பழகினார்கள்.

எலும்பு மருத்துவத்தில் அதற்கு இணையான தொடக்கம் சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்தது. எலும்பு முறிவைத் தகடும் திருகும் கொண்டு பொருத்தும் முறையை வகுக்க 1958-இல் ஏ.ஓ. என்ற குழுவை அந்நாட்டு மருத்துவர்கள் அமைத்தார்கள். 1960 டிசம்பரில் டாவோஸ் மலையூரில் தங்கள் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார்கள். அங்கே சொற்பொழிவோடு நிற்கவில்லை. வந்த மருத்துவர்களே துளையிட்டு, திருகு முடுக்கிப் பழகினார்கள். அறுவை அரங்குக்குப் போகுமுன் பட்டறை மேசையில் பழகு என்ற அந்த வழக்கம் எலும்பு மருத்துவத்தில் ஊன்றியது அங்கேதான்.

மேசைக்கு எலும்பு வேண்டும். இறந்தோர் உடலின் எலும்பு எளிதில் கிடைக்காது. கிடைப்பதும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அந்த இடத்தைத்தான் நுரை பிடித்தது. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவரது குழுவினரும் கண்டறிந்த பாலியூரிதேன், மெத்தைக்கும் குளிர்ப்பெட்டிச் சுவருக்கும் போய்ச் சேர்ந்ததுபோல எலும்பாகவும் ஆனது. இதற்கு இன்று தரநிர்ணயமும் உண்டு: கன செ.மீ.க்கு 0.08 கிராம் முதல் 0.80 கிராம் வரை அடர்த்தி வாரியாக நுரையைத் தரம் பிரிக்கிறார்கள். அடர்த்தி குறைந்த நுரையில் திருகை முடுக்கும்போது, எலும்புத் தேய்வு வந்த மூதாட்டியின் முள்ளெலும்பில் திருகு எவ்வளவு எளிதாக நழுவும் என்பதை மாணவரின் விரல் உணர்ந்துவிடும்.

கசியத் தொடங்கியபோது

நுரை முதுகெலும்பு முதலில் கற்றுத்தந்தது திருகு பொருத்துவதை. முள்ளெலும்பின் பின்பகுதியையும் முன்பகுதியையும் இணைக்கும் காம்பு வழியாகத் திருகு போக வேண்டும். காம்பின் உட்சுவரைத் தாண்டினால் நரம்பு. கீழ்ச்சுவரைத் தாண்டினால் நரம்பு வேர். மாதிரியில் முடுக்கி முடித்ததும் அதைத் திருப்பிப் பார்க்கலாம், குறுக்கே அறுத்தும் பார்க்கலாம். திருகு எங்கே வெளியே நீட்டியிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். எந்த நோயாளியும் மருத்துவருக்கு இந்த வாய்ப்பைத் தர முடியாது.

ஆனால் நுண்துளை அறுவையில் திருகை எலும்பைப் பார்த்துப் பொருத்துவதில்லை. தோலுக்கு வெளியே நின்று, எக்ஸ்ரே நிழலைப் பார்த்துப் பொருத்துகிறார்கள். ஆகவே மாதிரிக்கு எக்ஸ்ரேயில் எலும்புபோல் நிழல் விழ வேண்டும் என்ற அடுத்த தேவை பிறந்தது. எக்ஸ்ரேயைத் தடுக்கும் பொருளை நுரையில் கலந்தார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள பாரோ நரம்பியல் நிலையத்தார் முப்பரிமாண அச்சில் செய்த செயற்கை முதுகெலும்பின் பொருளையும் அச்சிடும் முறையையும் மாற்றி மாற்றி, எது சி-ஆர்ம் திரையில் மெய்யான எலும்புபோல் தெரிகிறது என்று சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். முப்பரிமாண அச்சு வந்ததும் இன்னொரு கதவும் திறந்தது. ஒரு நோயாளியின் சி.டி. ஸ்கேனைக் கொண்டே அவருடைய வளைந்த முதுகைப் பிளாஸ்டிக்கில் எடுத்து, அறுவைக்கு முன் அதன்மேல் பழகிப் பார்க்கலாம்.

நிழல் எவ்வளவு மெய்யாக விழுந்தாலும் இத்தகைய மாதிரி வெறும் எலும்புதான். டிஸ்க் அறுவையில் ஆபத்து எலும்பில் இல்லை. எலும்பைத் தாண்டிய அடுத்த மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே மஞ்சள் தசைநார் இருக்க வேண்டும், அதன் அடியில் டியூரா, அதனுள் திரவம், சுற்றிலும் சட்டென்று இரத்தம் கசியும் சிறு நாளங்கள். இவை எதுவும் இல்லாத மாதிரியில் பழகுபவர் எலும்பைச் செதுக்கக் கற்பார்; எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்கமாட்டார்.

இந்தக் குறையை நேராக எதிர்கொண்டவர்களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும் ஒன்று. டிஸ்க் அறுவைக்காக அவர்கள் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட கீழ்முதுகு மாதிரியில் எலும்போடு மென்திசுக்களும் இருந்தன, இரத்தம் கசிந்தது, தவறாகக் கை வைத்தால் டியூரா கிழியவும் செய்தது. என் கணிப்பில் இந்த முதுகெலும்பின் வாழ்வில் மிகப் பெரிய நாள் அதுதான். அதுவரை மாதிரிகள் மனித எலும்பின் வடிவத்தைப் பெற்றிருந்தன. இப்போது அவை காயப்படக் கற்றுக்கொண்டன. கிழியாத மாதிரி எச்சரிக்கையைக் கற்றுத்தராது. பார்வைக்கு எவ்வளவு அச்சு அசலாக இருக்கிறது என்பதைவிட, மனித உடம்பு எந்த இடத்தில் கெடுமோ அந்த இடத்தில் கெடுகிறதா என்பதே ஒரு பயிற்சி மாதிரியின் தகுதி.

இறந்தோர் உடலில் பயில்வதும் இதே திசையில் மாறியது. தசையும் நரம்பும் மெய்யானவை என்பதால் அந்தப் பயிற்சிக்கு ஈடு இல்லை. ஆனால் அங்கே இரத்தம் ஓடாது, டியூரா சுருங்கிக் கிடக்கும். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் பம்பு மூலம் திரவத்தைச் செலுத்தி, தண்டுவடத் திரவம் மெய்யான அழுத்தத்தில் கசியும்படி செய்தார்கள். கிழிந்த உறையைக் குழாய் வழியே தைத்து, முடிச்சை நீண்ட கருவியால் ஆழத்துக்குத் தள்ளி இறுக்குவது கடினமான வேலை. கசிவு நின்றதா இல்லையா என்று அங்கே ஈரமே தீர்ப்புச் சொல்லும்.

உடலை விட்டுக் கணினிக்குள்

நுரையில் தொடங்கிய முதுகெலும்பு ஒரு கட்டத்தில் பொருளையே துறந்தது. 1990-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் ‘ஃபாண்டம்’ என்ற கருவியைச் செய்தார்கள். ஒரு பேனாவைப் பிடித்து வெற்றுவெளியில் நகர்த்தினால், கணினிக்குள் இருக்கும் பொருளின் மேல் அது முட்டும்போது சிறு மோட்டார்கள் கையை எதிர்த்துத் தள்ளும். கண்ணை நம்பவைக்க நொடிக்கு 30, 60 படங்கள் போதும். கையை நம்பவைக்க நொடிக்கு சுமார் 1,000 முறை விசையைக் கணக்கிட வேண்டும். குறைந்தால் எலும்பு களிமண்போல் தொளதொளத்துவிடும். விரல் நுனி கண்ணைவிடக் கறாரான பரிசோதகர்.

இந்த விசைக் கருவியை முப்பரிமாணக் காட்சியோடு இணைத்து, சிகாகோவில் உருவான ‘இம்மெர்சிவ்டச்’ பொறியில் முள்ளெலும்புக் காம்பில் திருகு பொருத்தும் பயிற்சி வந்தது. அங்கே எக்ஸ்ரே படமும் கணினியே வரைந்து தருவது. இது சிறிய லாபமல்ல. நுண்துளை முறையில் சி-ஆர்மை அடிக்கடி இயக்க வேண்டியிருப்பதால் கதிர்வீச்சு மருத்துவர் மேலும் செவிலியர் மேலும் விழுகிறது. எந்தக் கோணத்தில் எந்த நிழல் வரும் என்பதைக் கதிர்வீச்சே இல்லாமல் நூறு முறை பார்த்துப் பழகியவர், மெய்யான அரங்கில் குறைந்த படங்களிலேயே இடத்தைக் கண்டுகொள்வார் என்பதுதான் எதிர்பார்ப்பு.

இந்தப் பழக்கம் நோயாளியின் உடலுக்குப் பலனாக வந்து சேருமா? பித்தப்பை அறுவையில் சேர்ந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கணினிப் பயிற்சி கொடுத்து, இரு பிரிவினரையும் மெய்யான லேப்ராஸ்கோபி அறுவையில் ஒப்பிட்டார்கள். 2002-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் 29 விழுக்காடு வேகமாகச் செய்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. பின்னர் அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவராகச் சான்று பெற லேப்ராஸ்கோபி மேசைப் பயிற்சியில் தேறுவது கட்டாயமாயிற்று.

முதுகுத்தண்டில் இந்த அளவுக்கு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் மாதிரியில் கற்றதை மாதிரியிலேயே அளந்தவை. நோயாளியிடம் டியூரா கிழிவது குறைந்ததா, திருகு பிசகுவது குறைந்ததா என்று தொடர்ந்து போய்ப் பார்த்தவை குறைவு. மாதிரிப் பயிற்சியை நேசிப்பவர்கள்தான் இந்தக் கணக்கை முதலில் கேட்க வேண்டும். மேசைமேல் பளபளப்பான பொறி இருப்பதால் மட்டும் எந்தக் கையும் தேறிவிடாது. என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று முன்கூட்டி எழுதி, அந்த அளவை எட்டும்வரை விடாமல் செய்யவைத்து, ஒவ்வொரு முறையும் பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் ஒருவர் அருகே இருந்தால்தான் அது பயிற்சி. அவர் இல்லாவிட்டால் மாணவர் தம் பிழையையே திரும்பத் திரும்பச் செய்து அதையே உறுதியாக்கிக்கொள்வார்.

நம் மேசைக்கு

குழாய் வழி முதுகுத்தண்டு அறுவை இன்று சென்னை, கோவை, மதுரை மருத்துவமனைகளிலும் நடக்கிறது. தில்லி எய்ம்ஸில் நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கென்றே தனித் திறன்பயிற்சிக் கூடம் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரிகளில் திறன் ஆய்வகம் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் விதித்திருக்கிறது. அது பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஊசி போடவும் தையல் போடவும் பழகுவதற்கு. 18 மில்லிமீட்டர் குழாய்க்குள் முதன்முதலாகக் கருவியை இறக்கப்போகும் முதுநிலை மாணவருக்கும் அப்படி ஒரு மேசை வேண்டும்.

விலையைக் காரணம் காட்டத் தேவையில்லை. விசை உணர்த்தும் கணினிப் பொறி விலை கூடியதுதான். ஆனால் ஆடு, மாட்டின் முதுகெலும்பில் குழாயை இறக்கிப் பழகும் முறை பல நாடுகளில் இருக்கிறது. அந்த எலும்பு மனித எலும்பின் அளவில் இராது. ஆனால் அதன் டியூரா மெய்யானது, கிழியும், தைக்கலாம். காலாவதியான கருவிகள், கறிக்கடையிலிருந்து வந்த எலும்பு, ஒரு கேமரா, வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கும் பேராசிரியர் ஆகியவை சேர்ந்தால் எந்த அரசு மருத்துவக் கல்லூரியிலும் இதைத் தொடங்கலாம். இவற்றில் கிடைப்பதற்கு அரியது அந்த ஒரு மாலைதான். அதைப் பணிநேரமாகக் கணக்கிட்டுக் கொடுப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

வாஷோன் தீவிலிருந்து கிளம்பிய முதுகெலும்பின் ஆயுள் ஒரே ஒரு பயிற்சி நாள். துளைத்து, செதுக்கி, பிசகிய திருகுகளைக் கழற்றி, படமெடுத்து, மதிப்பெண் போட்டபின் அது குப்பைக்குப் போகிறது; அடுத்த மாணவருக்கு அடுத்த எலும்பு வருகிறது. அது வீணான செலவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் விழுந்த ஒவ்வொரு பிழையும் மனித முதுகு ஒன்றில் விழாமல் போவதற்காகச் செய்த செலவு அது.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ நாளை குழாய் வழி முதுகு அறுவையைப் பரிந்துரைத்தால், மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? முதல் நோயாளிக்கு முன் எங்கே பழகினீர்கள்? நன்றாகப் பழகிய மருத்துவர் இவற்றைக் கேட்டுக் கோபப்படமாட்டார். அமர்ந்து பதில் சொல்வார்.